பிரீசர் அண்ணன்

ஏ4 வீதி பொத்துவிலில் வடக்கே திரும்பி, கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என்று கடலோரமாகப் போகிறது. அதன் இருபக்கமும், ஒழுங்கைக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் ஊருக்கு நாலு பேராவது, ஒரு வகை மனிதர் வசிக்கிறார். கல்முனைப் பக்கம் அவர் பிரீசர் காக்கா. கோமாரியில் பிரீசர் அண்ணன். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் கிராம சேவகருக்கு மட்டும் தெரியும்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். கத்தாரிலோ குவைத்திலோ கொஞ்சக் காலம் உழைத்துவிட்டு வந்தவர். வந்த கையோடு ஆள் படுக்கும் நீளத்தில், இடுப்பளவு உயரத்தில், மேலே மூடி திறக்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றை வாங்கியவர். நோக்கம் வியாபாரம்தான். கரைவலையில் மீன் மலிந்த நாளில் வாங்கிப் போட்டு, கடல் கொந்தளிக்கும் கார்த்திகை, மார்கழியில் விற்பது. இடைநேரத்தில் ஐஸ் பக்கெட். கணக்கில் பிழையில்லை. ஐஸ் பக்கெட்டைப் பிள்ளைகள் கடனுக்குத் தின்றார்கள், மீனைச் சொந்தக்காரர் சொந்தத்துக்குத் தின்றார்கள். வியாபாரம் ஒரு மாரியோடு முடிந்தது. பெட்டி மிஞ்சியது.

இந்தக் கரையில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் வீடு பெண்ணுக்குப் போகும்; மாப்பிள்ளை வந்து குடியேறுவார். ஆகவே அண்ணன் இருக்கும் வீடு அவர் மனைவியான அக்காவுடையது. வளவும் கிணறும் தென்னையும் கோழிக்கூடும் அக்காவுடையவை. பிரீசருக்கான ரசீதில் மட்டும்தான் அண்ணனின் பெயர் இருக்கிறது. அவர் ஈரத்துணியால் அதைத் துடைக்கும்போது அக்கா சொல்வார்: "அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் இந்த மனிசன் ஊட்டுக்காரன்."

பெட்டி இருப்பது முன் ஹோலில். குசினியில் விறகடுப்பு வெக்கை, விறாந்தையில் உப்புக்காற்று. ஒன்று மோட்டரை வருத்தும், மற்றது தகரத்தைத் தின்னும். ஹோல்தான் சரியான இடம். ஆனால் அண்ணன் அங்கே வைத்தது வருகிறவர்கள் பார்க்கட்டும் என்பதற்காக. கதிரைகளுக்கு இடம் வேண்டுமென்று சுவரோடு அணைத்தும் வைத்துவிட்டார். இந்த ரகப் பெட்டிகள் பலவற்றில் உள்ளே இருந்து எடுக்கும் சூட்டை வெளிச்சுவர் வழியாகத்தான் விடுகின்றன. நாலு விரல்கடை இடைவெளியாவது இல்லாவிட்டால் அந்தச் சூடு போக வழியில்லாமல் மோட்டர் ஓயாமல் ஓடும். வீட்டுப் பூனை ஏன் எப்போதும் அந்த மூலையிலேயே சுருண்டு படுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கரண்ட் பில் வந்தபோதுதான் கேட்டார்கள். அறுபது யூனிட் தாண்டினால் அடுத்த படி, அதற்கு மேல் இன்னொரு படி என்று ஏறும் நாட்டில், நாளுக்கு ஒன்றிரண்டு யூனிட் குடிக்கும் பெட்டி வீட்டைப் படிப்படியாக மேலே கொண்டுபோய்விடும்.

மூடியின் மேல் பின்னல் விரிப்பு, அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி, பிள்ளையின் புத்தகப் பை, சில நாட்களில் அரை மூட்டை நெல்லும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. திறக்க வேண்டுமானால் இவ்வளவையும் இறக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பெட்டிக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. குளிர்காற்று கனமானது, கீழேயே தங்கும். மேலே திறக்கும் பெட்டியில் அலுமாரி பிரிட்ஜ் போலக் குளிர் காலடியில் கொட்டிப் போவதில்லை. ஆனாலும் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் தேடினால் எந்தக் குளிரும் தாங்காது. தேடல் அங்கே தினசரி நடந்தது.

காரணம், அவர் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. ஒழுங்கையில் அத்தனை வீடும் அக்கா வழிச் சொந்தம். யார் படலையைத் திறந்து வந்தாலும் அவர்களுக்கு அண்ணன் ஒன்றில் மருமகன், இல்லாவிட்டால் மச்சான். மருமகன் மாமிக்கு இல்லை என்று சொல்வதில்லை.

"மருமகன், இறால் அரைக் கிலோ இரிக்கி. உள்ளுக்க வெச்சிருங்க, நாளைக்கு எடுக்கன்."

"வெச்சிட்டுப் போங்க மாமி."

அந்த நாளை இன்னும் வரவில்லை. இறால் இருக்கிறது.

இப்படியாகப் பெட்டி ஒழுங்கையின் வங்கியாயிற்று. வைப்பாளர் பலர், புத்தகம் இல்லை. எல்லா வைப்பும் கறுப்பு சொப்பிங் பேக்கில், எல்லாப் பையும் ஒரே முடிச்சில். பிரீசரைக் கெடுப்பது கிருமி என்று படித்தவர்கள் சொல்வார்கள். நான் பார்த்தவரை முகத்தாட்சண்யம்தான் கெடுக்கிறது. கிருமி அதற்குப் பின்னால் வருகிறது.

சூடாகவே கொண்டுவருகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கலியாண வீட்டில் மிஞ்சிய புரியாணிச் சட்டி, ஆவி அடங்காமல், மூடியோடு வரும். "ஆறட்டும்" என்று சொன்னால் மாமி முகம் மாறும். அண்ணன் வாங்கி வைப்பார். அந்தச் சூட்டில் பக்கத்துப் பைகள் இளகும். சட்டியின் நடுவோ விடியும்வரை இளஞ்சூட்டிலேயே கிடக்கும். கிருமி பெருக அதைவிட நல்ல படுக்கை இல்லை. இதிலே நுட்பம் ஒன்றே ஒன்றுதான்: எதுவும் சிறிதாக, தட்டையாக இருந்தால் கெதியாக உறையும். 1910களில் லாப்ரடோர் பனியில் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் உடனே விறைத்து, மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் பிடித்த அன்றுபோல இருப்பதைக் கவனித்தார். மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்பளிங்குகள் தசையைக் கிழித்துவிடும், உருகும்போது சாறெல்லாம் வடிந்துவிடும். கெதியாக உறைய வைத்து விற்கும் உணவு வியாபாரம் வளர்ந்தது அந்தக் கவனிப்பில்தான். ஒழுங்கையின் வழக்கமோ, நாலு கிலோ சூரையை நாலு கிலோவாகவே வைப்பது.

சூரையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் பகிடி இல்லை. கரைவலை இழுத்த மீன் மணலில் வெயிலில் கிடந்து, பேரம் முடிந்து, மத்தியானம் பெட்டிக்கு வருகிறது. சூரை, கீரி, அறுக்குளா போன்ற மீன்கள் அப்படிச் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். பிறகு எவ்வளவு உறைய வைத்தாலும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். "மீன் ஒத்துக்கல்ல" என்று சொல்லிவிட்டுப் படுப்பார்கள். பெட்டி எதையும் திருத்தாது, நிறுத்தி மட்டும் வைக்கும்.

கல்முனைப் பதிப்பில் நெரிசல் ஹஜ்ஜுப் பெருநாளோடு உச்சிக்கு ஏறும். உழ்ஹிய்யா இறைச்சி பங்கு பங்காக வந்து சேரும். வறியவர் கூட்டம் ஊருக்குள் வந்த ஒரு வருடம் மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று நபிகளார் தடுத்ததும், பிறகு உண்ணவும் சேமிக்கவும் தர்மம் செய்யவும் அனுமதித்ததும் ஹதீஸில் உள்ள செய்தி. காக்காவின் சொந்தக்காரர்கள் மூன்றில் நடுவில் உள்ளதை மட்டும் மனனம் செய்து வைத்திருக்கிறார்கள். மாதங்கள் கழித்து ஒரு கறுப்புப் பை மேலே வரும்.

"இது ஹஜ்ஜு இறைச்சி காக்கா."

"அது தெரியிது. எந்த ஹஜ்ஜு?"

மறை 18 பாகையில் ஒழுங்காக நின்றால் அந்த இறைச்சியில் கிருமி வளராது; சாகவும் சாகாது, தூங்கும். ஆனால் கொழுப்பு காறும், பை சரியாக ஒட்டாத இடத்தில் தசை வெளிறி மட்டைபோலக் காயும். கீரி போன்ற எண்ணெய் மீனுக்கு இரண்டு மூன்று மாதம், பாரை போன்றதற்கு ஆறேழு மாதம், பெரிய இறைச்சித் துண்டுக்கு ஒரு வருடம் வரை ருசி நிற்கும். திகதி தெரிந்தால்தானே எண்ணலாம்? இதற்குக் கோமாரியில் வழி கண்டவர் அக்கா. மகளின் அப்பியாசக் கொப்பிக்கு வாங்கிய லேபலில் மிஞ்சியதை எடுத்து, காய்ந்த பையில் ஒட்டி, அதற்கு மேல் இன்னொரு பை போட்டார். பெயர்: பெரிய மாமி. வகுப்பு: 2 கிலோ. பாடம்: சூரை. மாமிமார் ஒரு கிழமை கோபித்தார்கள், தங்களை நம்பவில்லையாம்.

எடுத்துப் போவதிலும் ஒரு முறை இருந்தது. காலையில் பையை எடுத்துக் கிணற்றுக்கட்டில் வெயிலில் வைத்து இளக்குவார்கள், பாதியைக் காய்ச்சுவார்கள், மிச்சம் பொழுதுபடத் திரும்பி வரும். தூங்கிய கிருமி எழும்பி, பகல் முழுக்கப் பெருகி, மறுபடி படுக்க வந்திருக்கிறது. பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வைத்து இளக்கினால் இந்தக் கதை இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்த அண்ணனிடம் ஒரு மச்சினி கேட்டார்: "பிரிட்ஜ் இரிந்தா ஒங்கட ஊட்டுக்கு என்னத்துக்கு வாறம்?"

வருடத்தில் சில நாட்கள் மட்டும் பெட்டி நிம்மதியாக இருக்கும். கதிர்காமக் கொடியேற்றத்துக்குப் பாதயாத்திரைக்காரர் வேலோடு வீதியால் போகும் காலம். ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் மச்சம் இல்லை. மூடியைத் தொடுவார் இல்லை. உள்ளே வெப்பமானி வைத்துப் பார்த்திருந்தால் மறை 18 காட்டியது அந்த நாட்களில்தான் என்று சத்தியம் செய்வேன். வெளியே உள்ள திருகில் 1 முதல் 7 வரை எழுதியிருப்பது பாகை அல்ல. அண்ணன் அதை 7இல் வைத்துவிட்டு ஏழு பாகை என்று ஊருக்குச் சொன்னவர்.

அந்த ஓய்வில்தான் ஐஸ் கட்டியிருப்பது கண்ணில் படும். சுவரில் அரை விரல்கடைக்குக் கட்டிவிட்டால் பெட்டியைக் காலி செய்து, பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து விட்டால் போதும், தானாக இறங்கும். அண்ணனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மீன் வெட்டும் கத்தியை எடுத்தார். சுவருக்குள்ளேதான் குளிர்காஸ் ஓடும் குழாய் இருக்கிறது. புதிய பெட்டிகளில் அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் காஸ். ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம். திருத்த வந்த பொடியன் பெட்டியைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்த்தான். "காஸ் போயிட்டண்ணே" என்றான்.

திறப்பு விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒளித்துப் பிடித்து விளையாடும் பிள்ளைகள் உள்ள ஒழுங்கை. பழைய குளிர்ப்பெட்டிகளுக்குள் ஒளிந்து பிள்ளைகள் மூச்சடைத்து இறந்ததால் அமெரிக்காவில் 1956இல் கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அண்ணன் எப்போதும் பூட்டி, திறப்பை யன்னலுக்கு மேலே தொங்கவிடுவார். அடுத்த ஒழுங்கையில் ஒருவர் செத்த பெட்டியை நெல் போட வளவில் வைத்தபோது, தானே போய் மூடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே முகத்தாட்சண்யம் பார்க்கவில்லை.

இன்னொரு தடவையும் பார்க்கவில்லை. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டியபோது ஊரே வந்து மூடியைத் திறந்து திறந்து பார்த்து அவரவர் பையைத் தடவிக் கெடுத்தது. அதில் படித்தவர், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து இலங்கை முழுவதும் இருண்டபோது, விரிப்பை எடுக்காமலே மூடிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"மருமகன், எண்ட இறாலு..."

"தெறக்கக் கூடாது மாமி. நெறஞ்ச பெட்டி, தெறக்காட்டி ரெண்டு நாள் தாங்கும். பாதிப் பெட்டியெண்டா ஒரு நாள்."

"ஒருக்காப் பாத்தா என்னவாம்?"

"குரங்கக் கேளுங்க."

கரண்ட் வந்தும் உடனே பிளக்கைக் குத்தவில்லை. வோல்ட்டேஜ் ஏறி இறங்கும், ஐந்து நிமிடமாவது பொறுத்தால்தான் மோட்டருக்கு நல்லது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு திறந்து, உள்ளே வைத்திருந்த ஒரு கோப்பையை எடுத்துக் காட்டினார். உறைந்த தண்ணீர், அதன் மேல் ஐந்து ரூபாய்க் குத்தி. ஐஸ் உருகி மறுபடி உறைந்திருந்தால் குத்தி அடியில் கிடக்கும். மேலேயே இருந்தது. அன்று பின்னேரம் ஒழுங்கையே அந்தக் குத்தியை வந்து பார்த்துவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு அவர் சலிப்பும் கூடிவிட்டது. ஒழுங்கைச் சனத்தால் தன் பெட்டி சீரழிகிறது, பில் கட்டி மாளவில்லை, எல்லாரையும் எடுத்துப் போகச் சொல்லப் போகிறேன் என்று கள்ளுக்குப் போகும் வழியெல்லாம் சொல்வார். போன மாதம் எதிர்வீட்டு மச்சான் அக்கரைப்பற்றில் புதிதாக ஒரு பெட்டி பார்த்துவிட்டு வந்து, தவணை முறையில் எடுக்கப் போவதாகச் சொன்னார். அண்ணன் முகம் கறுத்தது.

"மச்சான், வேணாம். ஒங்கட ஊட்டு வயரிங் தாங்காது. மல்டி பிளக்கில குத்தினா எரிஞ்சிரும், தனிச் சொக்கட் அடிக்கணும். மறுகா உப்புக்காத்து. மறுகா பில்லு."

"மீன வெக்க இடமில்லையே மச்சான். எவ்வளவு நாளைக்கு ஒங்களுக்குக் கரச்சல் குடுக்குற?"

"ஆரு சொன்ன கரச்சலெண்டு? இஞ்ச கொண்டாங்க அந்தப் பைய" என்று எழும்பிய அண்ணன், பூச்சாடியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பி, "இஞ்சேருங்க, லேபல் ஒண்டு கொண்டு வாங்க" என்றார்.