ஆறு வண்டி மாப்பிள்ளைக்கு

மாப்ளே, ஒன்னு கேப்பேன், மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே. ஒனக்கு உக்காருற எடம் ஒன்னுதானே? பொறந்தன்னிக்கு மொதல்ல தூக்கிப் பாத்தவன் நான்தான். அன்னிக்கும் ஒன்னுதான் இருந்துச்சு. அதுக்கு எதுக்குடா ஆறு வண்டி?

எங்கக்கா வீட்டுக் கொட்டகையில இப்ப மாடு வெயில்ல நிக்குது, வண்டி நெழல்ல நிக்குது. ஒங்கப்பன் மொய்ப்பணத்துல வாங்குன எக்ஸ்எல் சூப்பர் ஒரு மூலையில. காலேசுக்குப் போகணும்னு ரெண்டு நாள் சாப்பிடாமக் கெடந்து வாங்குன ஆர்15 ஒரு மூலையில. காரைக்குடிப் பக்கம் எவன் வீட்டுத் திண்ணையிலயோ கெடந்ததை வெலை பேசித் தூக்கியாந்த ஆர்எக்ஸ் 100. பொண்ணு வீட்டுல குடுத்த புல்லட்டு. நாங்க கேக்கவே இல்ல, அவங்களாத்தான் குடுத்தாங்கன்னு அதுக்கு ஊரெல்லாம் வெளக்கம் வேற சொல்லிக்கிட்டுத் திரியிறே. சிங்கப்பூர்லேருந்து மச்சினன் அனுப்புன காசுல ஒரு டியூக் 390. ஆறாவது அந்த ஸ்பிளெண்டர்.

ஸ்பிளெண்டரை நான் கொறை சொல்ல மாட்டேன். அது வாடிவாசல்ல வந்த வண்டி. நம்ம புதுக்கோட்டை ஜில்லாவுல நடக்குற அளவுக்கு ஜல்லிக்கட்டு வேற எங்கயும் நடக்குறதில்லை. தை பொறக்குறதுக்கு முன்னாடியே தச்சங்குறிச்சியில காளைய அவுத்துவிட்டு வருசத்தை ஆரம்பிச்சு வைக்கிறதே நாமதான். விராலிமலையில 2019 சனவரியில ஒரே நாள்ல 1,300-க்கு மேல காளைங்களை அவுத்துவிட்டு ஒலக சாதனைன்னு எழுதி வச்சாங்க. கட்டில், பீரோ, வெள்ளிக்காசுன்னு இருந்த பரிசெல்லாம் இப்ப பைக்கு, காருன்னு ஏறிப்போச்சு. ஆனா ஒரு நாயம் பாரு மாப்ளே. பிடிபடாம ஓடி ஜெயிச்சது காளை. ஆர்.சி. புக்கு மட்டும் ஒன் பேர்ல. அந்தக் காளைக்கு இதுவரைக்கும் ஒரு ரவுண்டாவது குடுத்துருக்கியா?

சரி, இப்ப வந்த சோலிக்கு வருவோம். 'ஆறு வண்டிக்கும் இன்சூரன்சு கட்டச் சொல்றாங்க மாமா, பகல் கொள்ளையா இருக்கு'ங்குறே. ரொம்பச் சரி. கட்டாதே. மாமன் சொல்றேன், ஒத்தப் பைசா கட்டாதே. அதுக்குப் பதிலா ஒன்னு பண்ணு. ஆதனக்கோட்டைப் பக்கம் ஒங்க பாட்டன் சேத்து வச்ச முந்திரிக்கொல்லை இருக்குல்ல, அந்தப் பத்திரத்தை எடுத்து டியூக்கோட டேங்கு மேல ஒரு கவருக்குள்ள போட்டு ஒட்டிக்க. ரோட்டோரம் முந்திரி வறுத்து விக்கிற ஆத்தா யாராச்சும் குறுக்க வந்து, ஒன் வேகத்துக்கு ஒதுங்க முடியாம விழுந்துட்டா, எறங்கி அங்கேயே பத்திரத்தைக் குடுத்துட்டு வந்துரலாம். கோர்ட்டு, வக்கீலு, வாய்தா, ஒன்னும் வேண்டாம்.

சிரிக்காதே. நான் புதுக்கோட்டை கோர்ட்டு வாசல்ல வக்கீலுக்குக் கட்டுத் தூக்குன ஆளு. விபத்துக் கேசு எத்தனையோ பாத்துட்டேன். தேர்ட் பார்ட்டி இன்சூரன்சு ஒன் வண்டிக்குன்னு நீ நெனைச்சுக்கிட்டிருக்கே. ஒன் வண்டிக்கு அதுல ஒரு கண்ணாடிகூடக் கெடையாது. நீ இடிச்ச ஆளுக்குத்தான் அது. அவரு உசுருக்கோ, காலுக்கோ எவ்வளவு நட்டஈடுன்னு தீர்ப்பாயம் கணக்குப் போட்டுச் சொல்லும். வயசு, சம்பாத்தியம், அவரை நம்பி எத்தனை பேருன்னு பாத்துப் போடுற கணக்கு அது. சாவு, காயத்துக்கு இவ்வளவுதான்னு மேல வரம்பே கெடையாது. பாலிசி இருந்தா கம்பெனி கட்டும். இல்லேன்னா ஆர்.சி. புக்குல யாரு பேரு இருக்கோ அவரு கட்டணும். அதான் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 146-ஆம் பிரிவுல, இது இல்லாம பொது எடத்துல வண்டியே எடுக்காதேன்னு எழுதி வச்சுருக்கான். எடுத்தா மொத மொறை 2,000 ரூபாய், இல்ல மூணு மாசம் உள்ள, இல்ல ரெண்டும். மறுபடி மாட்டுனா 4,000. நீ ஓட்டுனாத்தான்னு இல்ல, ஓட்டச் சொல்லிச் சாவியக் குடுத்தவனுக்கும் அதுதான். ஒன் சேக்காளிப் பயலுவ ஆளுக்கொரு சாவியோட திரியிறானுவ, ஞாபகம் வச்சுக்க.

கொள்ளைங்குறியே, எவ்வளவுன்னு எண்ணிப் பாத்தியா? 2022 சூன் 1-ஆம் தேதியிலேருந்து வந்த கட்டணத்தைச் சொல்றேன், விரலை மடக்கு. 75 சிசி வரைக்கும் 538 ரூபாய். அதுக்கு மேல 150 வரைக்கும் 714. 150-லேருந்து 350 வரைக்கும் 1,366. 350-ஐத் தாண்டுனா 2,804. எக்ஸ்எல் சூப்பருக்கு 538. ஸ்பிளெண்டருக்கும் ஆர்எக்ஸுக்கும் 714, 714. புல்லட்டுக்கு 1,366. ஆர்15-க்கும் 1,366. இங்கதான் எனக்கு வயிறு எரியுது. அடுத்த வீட்டுப் பய பல்சர் 150 வச்சுருக்கான், அது எஞ்சின் 149.5 சிசி. ஒன்னது 155. அவன் காளை வாடிவாசல் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுருச்சு, ஒன்னது ஒரு குளம்பை வெளியில வச்சுருச்சு. ஒரு குளம்புக்கு வருசம் 652 ரூபாய் கூட. அந்த அஞ்சு சிசி ஒன்னை எந்த ஊருக்குச் சீக்கிரம் கொண்டாந்து விட்டுச்சுன்னு எனக்குத் தெரியல.

டியூக்குக்கு 2,804. ஆறும் சேத்தா 7,502. அதுக்கு மேல 18 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆக, 8,850-ஐ ஒட்டி வரும். ஒரே ஒரு டியூக்கை வெளியில தள்ளுனா மூணுல ஒரு பங்குக்கு மேல கொறையும். புல்லட்டு சைலன்சரை மாத்துனியே, ஊர்ல தூங்குற பச்சப்புள்ளையெல்லாம் எந்திரிச்சு அழுவுற மாதிரி, அதுக்கு எவ்வளவு குடுத்தேன்னு எங்கக்காகிட்டச் சொல்லவா?

சரி, கட்டுறதுன்னு முடிவு பண்ணுனா ஏமாறாமக் கட்டு. சொந்த விபத்துக் காப்பீடுன்னு ஒன்னு சேத்து எழுதுவான். ஓட்டுற ஓனருக்கு 15 லட்சம். 2018-ல அதைக் கொண்டாந்தப்ப வருசம் 750 ரூபாய்னு வச்சான். வண்டிக்கு ஒன்னுன்னு ஆறு தடவை எழுதிக்கிட்டே போனா நீயும் தலையாட்டிக்கிட்டே இருப்பே. ஒன் உசுரு ஒன்னுதானே? ஆளுக்கு ஒன்னு எடுத்தாப் போதும்னு 2019 சனவரியிலேருந்தே இன்சூரன்சு ஒழுங்குமுறை ஆணையம் தனியாப் பிரிச்சு விட்டுருச்சு. 'இந்தா, எங்கிட்ட ஒன்னு இருக்கு'ன்னு சொல்லி மத்ததுல அடிக்கச் சொல்லு. அதுவும் லைசென்சு செல்லுபடியா இருந்தாத்தான். ஒன் லைசென்சு எப்ப முடியுதுன்னு பாத்து எத்தனை வருசமாச்சு?

அப்புறம் அந்த அஞ்சு வருசக் கதை. 'ஷோரூம்லயே அஞ்சு வருசத்துக்கு மொத்தமாக் கட்டிட்டேன்'னு நெஞ்ச நிமித்துறே. அது எப்படி வந்துச்சு தெரியுமா? நம்ம கோயம்புத்தூரு எலும்பு டாக்டரு எஸ்.ராசசேகரன் ரோட்டுல அடிபட்டு வர்ற சனங்களைப் பாத்துப் பொறுக்க மாட்டாம உச்ச நீதிமன்றத்துல கேசு போட்டாரு. அந்தக் கேசுலதான் 2018 செப்டம்பர் 1-லேருந்து புது ரெண்டு சக்கர வண்டிக்கு அஞ்சு வருசம் தேர்ட் பார்ட்டி கட்டாயம்னு ஆச்சு. கவனி, தேர்ட் பார்ட்டிதான் அஞ்சு வருசம். பெரும்பாலும் ஒன் வண்டிக்குன்னு சேத்துக் குடுத்தது ஒரே வருசம். ரெண்டாம் வருசத்துலேருந்து டியூக்கு கீழ விழுந்தா ஒன் காசுதான். அந்த அஞ்சும் முடியுற தேதியை எவனும் வந்து கதவத் தட்டிச் சொல்ல மாட்டான்.

ஒன் வண்டிக்கும் சேத்து ஃபுல் இன்சூரன்சு போடுறதா வேண்டாமான்னு கேட்டே. 2018 நவம்பர் 16 விடியுறதுக்கு முன்னாடி கஜா புயல் வந்துச்சே, கந்தர்வகோட்டையிலேருந்து கீரமங்கலம் வரைக்கும் தென்னையும் பலாவும் படுத்துக்கெடந்துச்சே, அன்னிக்கு மரத்தடியில நிறுத்துன வண்டியெல்லாம் என்னாச்சு? ஃபுல் போட்டவன் போட்டோ எடுத்தான், தேர்ட் பார்ட்டிக்காரன் ஒப்பாரி வச்சான். புயல், வெள்ளம், தீ, திருட்டு எல்லாம் அதுலதான் வரும். அதுக்காக ஆறுக்கும் போடாதே. வண்டிக்கு வயசாக ஆகக் கம்பெனிக்காரன் மதிப்பைக் கொறைச்சுக்கிட்டே வருவான். நாலு வருசம் தாண்டுனா பாதிதான். பிளாஸ்டிக்கு ஒடைஞ்சா மாத்துற வெலையில பாதியைக் கழிச்சுட்டுத்தான் குடுப்பான். ஒன் ஆர்15-ல பிளாஸ்டிக்கை எடுத்துட்டா மிச்சம் என்னடா இருக்கு? புல்லட்டுக்கு மட்டும் போடு, சம்மந்தி வீட்டு மரியாதை. திருடு போனா வண்டியோட வந்த ரெண்டு சாவியையும் கேப்பான். அந்த ரெண்டாவது சாவி எங்கன்னு இப்பவே தேடு. ஒன் பொண்டாட்டி பீரோச் சாவிக் கொத்துல தொங்குறதை நான் பாத்தேன்.

பின்னாடி ஒக்காருறவன் கதை இன்னொன்னு. வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா, பின்னாடி சும்மா ஏறி வர்றவனுக்கு அதுல பங்கு கெடையாதுன்னு 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. நீ ஒரு தடவைக்கு மூணு பேரை ஏத்துறே. யாரை நடுவுல வைக்கிறதுன்னு மட்டும் யோசிக்கிறே.

இதெல்லாம் இருக்கட்டும். போன வருசம் ஒரு பழைய பேஷன் வண்டியத் தள்ளிவிட்டியே, ஏழாவது, அது யாரு பேர்ல இருக்கு? ஒன் பேர்லயேதானே? 'அவன் மாத்திக்கிறேன்னான் மாமா'. மாத்திக்குவான், மாத்திக்குவான். வண்டி எத்தனை கை மாறுனாலும் ஆர்.சி. புக்குல பேரு இருக்குறவன்தான் ஓனருன்னு 2018 பிப்ரவரியில நவீன் குமார் கேசுல உச்ச நீதிமன்றம் அடிச்சுச் சொல்லிருக்கு. வித்தவன் நாந்தான், ஓட்டுனவன் அவன்னு நீ எவ்வளவு கத்துனாலும் சம்மன் ஒங்க வீட்டுக்குத்தான் வரும். அவன் எங்க ஓட்டுறானோ, எவன் மேல ஏத்துறானோ, ராத்திரி தூக்கம் வருதா ஒனக்கு? நாளைக்கே அவனை இழுத்துக்கிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசு போ.

ஆர்எக்ஸை விக்கச் சொன்னா கண்ணு கலங்குது. அதைச் செய்யிறதையே 1996-ஓட நிறுத்திட்டான். 15 வருசம் முடிஞ்சா அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா பதிவைப் புதுப்பிக்கணும். 20 வருசம் தாண்டுன பைக்குக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டுல 2,000 ரூபாயா ஆக்கிட்டான். நம்ம புதுக்கோட்டை ராசா 1948-ல சமஸ்தானத்தையே இந்தியாவோட சேத்துட்டாரு. அவரு குடியிருந்த அரமனையிலதான் இப்ப கலெக்டர் ஆபீசு நடக்குது. தொண்டைமான் ராச்சியத்தையே குடுத்துட்டு நிம்மதியா இருந்துருக்காரு, ஒனக்கு ஒரு ஆர்எக்ஸு குடுக்க மனசு வரல. சரி, அதை வச்சுக்க. ஆசைன்னு ஒன்னு இருக்கட்டும். கொட்டகையிலேயே நின்னா அதுக்குத் தேர்ட் பார்ட்டி கேக்க மாட்டான். ஆனா 'பேட்டரி இறங்கிரும் மாமா, ஒரு ரவுண்டு'ன்னு தெருவுல எறக்குனே, அந்த ஒரு ரவுண்டுக்கும் பாலிசி வேணும்.

ஆக, டியூக்கை வித்துரு, பேரை மாத்திக் குடுத்து வித்துரு. ஆர்15-ஐ ஒன் தம்பிக்குக் குடு, பொண்ணு பாக்கப் போறப்ப அவனுக்கு ஒதவும். ஸ்பிளெண்டர்ல நீ வேலைக்குப் போ, புல்லட்டுல கோயிலுக்குப் போ, ஆர்எக்ஸைத் தொடைச்சு வை.

எக்ஸ்எல்லா? அதைப் போயி ஒரு வண்டின்னு கணக்குல சேக்குறியா? சீட்டு கிழிஞ்சு, கிக்கர் உதைச்சா ஊரே திரும்பிப் பாக்குது. பழைய இரும்புக்காரன்கூட ஒரு நாள் யோசிச்சுத்தான் சொல்லுவான். அதுக்கு 538 கட்டி, வரியக் கட்டி, ஒனக்கு எதுக்குடா அந்தப் பாரம்? தாய்மாமன் எதுக்கு இருக்கேன், அதை நானே சொமந்துக்கிறேன். உரமூட்டை ஏத்தவும் கடைவீதி போகவும் எனக்கு அது போதும். ஃபாரம் 29, 30 எல்லாம் எழுதிக் கொண்டாந்துட்டேன், இந்தா பையில இருக்கு. வண்டி ஒங்கப்பன் பேர்லதானே, அவரு நேத்தே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. நீ சாவிய மட்டும் எடு. ரெண்டாவது சாவியும்.