டெல்லியில் எல்லா இருமலுக்கும் ஒரு சாக்கு உண்டு

கே: என் நான்கு மாதக் குழந்தையை நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறது. செல்போனில் தேடினால் ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ என்று வருகிறது. பயப்பட வேண்டுமா?
– ஓர் அம்மா, முனிர்க்கா

ப: ஜூன் மாத டெல்லியில் உங்கள் வீட்டுக்காரர் நெற்றியும்தான் கரிக்கும். கோடையில் லேசான உப்புச் சுவை எந்தக் குழந்தைக்கும் இருக்கலாம். ஏ.சி. அறையில் தூங்கி எழுந்த பிறகும் கரிக்கிறதா, வியர்வை காய்ந்ததும் முடியோரத்தில் வெள்ளையாகப் பொடி பூக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். வியர்வை தோலுக்கு வரும் வழியில் அதிலுள்ள உப்பை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த நோயில் உப்பைத் திரும்ப எடுக்கும் அந்த வாசல் அடைபட்டிருக்கும். அதே கோளாறு நுரையீரலில் சளியைக் கோந்தாக்கும். கணையத்தின் குழாய்களை அடைத்து, கொழுப்பைச் செரிக்கும் நீர் குடலுக்குப் போகாமல் தடுக்கும்.

கே: இது வெள்ளைக்காரர் வியாதி அல்லவா?
– ஒரு தாத்தா, கரோல் பாக்

ப: அவர்களிடம் அதிகம். நம்மிடம் இல்லை என்பது தேடாதவர்கள் சொன்னது. 1968லேயே இந்தியக் குழந்தைகளிடம் இதைக் கண்டு மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். 2006ல் வெளியான டெல்லி எய்ம்ஸ் ஆய்வு ஒன்றில் 955 தொப்புள்கொடி ரத்த மாதிரிகளைப் பார்த்தார்கள். இந்த நோயின் மரபணு மாற்றங்களில் உலகெங்கும் பிரபலமான ஒன்றே ஒன்றை மட்டும் தேடியதில், 238 பேருக்கு ஒருவர் அதைச் சுமப்பதாகக் கணக்கு வந்தது. 43,000 பிறப்புக்கு ஒன்றிலிருந்து ஒரு லட்சத்துக்கு ஒன்று வரை நோய் இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. இந்தியாவில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால் ‘அபூர்வம்’ அவ்வளவு அபூர்வமாக இருக்காது.

கே: நவம்பர் வந்தால் டெல்லியில் எல்லாக் குழந்தையும் இருமுகிறது. என் மகன் இருமினால் மட்டும் சந்தேகப்பட வேண்டுமா?
– ஓர் அப்பா, ரோகிணி

ப: நியாயமான கேள்வி. இந்த நோய் ஒளிந்துகொள்ள டெல்லியைப் போல வசதியான ஊர் கிடையாது. இருமலா? புகைமூட்டம். பேதியா? தண்ணீர் சரியில்லை. குழந்தை வாடிக் கிடக்கிறதா? வெயில். எடை ஏறவில்லையா? அம்மாவுக்குப் பால் போதவில்லை (பழியைத் தூக்கி அம்மா தலையில் வைக்க மட்டும் எந்த ஊரிலும் யாரும் யோசிப்பதில்லை). தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நம்பக்கூடிய காரணம்தான். நான்கும் ஒரே குழந்தையிடம் வந்தால், நான்கு சாக்குகளையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே காரணத்தைத் தேட வேண்டும்.

புகை இருமல் காற்று தெளிந்தால் அடங்க வேண்டும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் தொடர்ந்தால், முதல் வயதுக்குள் நிமோனியா இரண்டாவது முறை வந்தால், ஒவ்வொரு சளிக்கும் ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால், புகையின் மேல் பழி போடுவதை விட்டுவிடுங்கள். நெஞ்சுச் சளியும் மெலிவும் சேர்ந்தாலே காசநோய் என்று முடிவு கட்டி, கிருமி கண்ணில் படாமலேயே மாதக்கணக்கில் மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகள் நம் நாட்டில் உண்டு. அந்த மருந்துக்கு எடை ஏறவில்லையென்றால் ‘வேறு என்னவாக இருக்கலாம்’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கே: என் பேத்தி பசி பசி என்று குடிக்கிறாள், உடம்பில் ஒட்டவில்லை. மாந்தம் என்று உரைமருந்து கொடுத்துப் பார்த்தேன். மருமகள் முறைக்கிறாள்.
– ஒரு பாட்டி, மயூர் விஹார்

ப: இந்த விஷயத்தில் நான் மருமகள் கட்சி. ஆனால் நீங்கள் கவனித்தது முக்கியமான அடையாளம்: நன்றாகக் குடிக்கிறாள், எடை ஏறவில்லை. டயப்பரைப் பாருங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை மஞ்சளாக, தண்ணீராக, ஒரு நாளில் பல தடவை போவது சகஜம். எண்ணெய் மினுங்க, வெளிறி, பிசுபிசுவென்று, பக்கத்து அறை வரை நாறினால் சகஜமில்லை. கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியே வருகிறது. சில குழந்தைகளுக்கு ஆசனவாய் வெளியே தள்ளும். சிலருக்குப் பிறந்தபோது வந்த மஞ்சள்காமாலை வாரக்கணக்கில் இறங்காது. சிலருக்கு ரத்தசோகையோடு கைகால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்து ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று பிறந்தவுடனேயே தெரியும். முதல் கருமலம் இரண்டு நாளுக்குள் போகாமல், வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால் அது அவசரம். குடல் அடைப்பாக இருக்கலாம். உரைகல்லைத் தேடாமல் ஆட்டோவைத் தேடுங்கள்.

கே: மே மாதத்தில் எங்கள் குழந்தை துவண்டு விழுந்தான். ‘சோடியம், குளோரைடு குறைவு’ என்று டிரிப் ஏற்றினார்கள். அடுத்த மாதமே திரும்ப அப்படி. வெயில்தானே?
– ஓர் அப்பா, துவாரகா

ப: வெயில்தான். ஆனால் ஒரே வெயிலில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஏன் விழவில்லை?

1940களின் இறுதியில் நியூயார்க்கில் ஒரு கடும் வெப்ப அலை வீசியது. சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் இந்த நோய் உள்ளவர்கள் அதிகமாக இருந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். பால் டி சான்டாக்னீஸ் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய், 1953ல் விடை சொன்னார்: இவர்கள் வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. இன்றுவரை நோயை உறுதி செய்யும் பரிசோதனை அதிலிருந்து பிறந்ததுதான்.

நியூயார்க்குக்கு அது ஒரு வெப்ப அலை. 45 டிகிரி தொடும் டெல்லிக்கு அது வருஷா வருஷம். பேதியே இல்லாமல், அல்லது இருக்கும் பேதிக்குப் பொருந்தாத அளவுக்கு உப்புக் குறைந்து குழந்தை ஒரு தடவைக்கு மேல் விழுந்தால், இந்த நோயையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சிறுநீரக நோய் போலவும் இது வேஷம் போடும். இதைப் படித்துவிட்டு நீங்களாகவே பாலில் உப்புப் போடாதீர்கள். நோய் உறுதியான குழந்தைக்குத்தான் கூடுதல் உப்பு. அளவை டாக்டர் சொல்வார்.

கே: ‘தி ஸ்கை இஸ் பிங்க்’ படத்தில் வந்த நோய் இதுதானே?
– ஒரு சினிமா ரசிகை, ஜனக்புரி

ப: இல்லை. அங்கே வேர்க்காரணம் நோய் எதிர்ப்புச் சக்திக் குறைபாடு. நுரையீரல் கெட்டது பிறகு. டெல்லி மட்டும் பொது.

கே: மாமன் மகளைக் கட்டினேன். அதனால்தான் குழந்தைக்கு இந்த நோய் வந்ததா?
– ஒருவர், ஆர்.கே. புரம்

ப: உறவுக்குள் கட்டினால் இருவரும் ஒரே மரபணுப் பழுதைச் சுமக்கும் வாய்ப்புக் கூடும். அசலில் கட்டியவர்களின் குழந்தைகளுக்கும் இது வருகிறது. இருவரும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ‘முதலாவதுக்கு வந்துவிட்டது, இனி மூன்று நல்லது’ என்று எண்ணுவது கணக்கு ஆகாது. அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

கே: வியர்வைப் பரிசோதனை என்றால் குழந்தையை வெயிலில் போடுவார்களா?
– ஓர் அத்தை, லோதி ரோடு

ப: மாட்டார்கள், கவலை வேண்டாம். கையில் பைலோகார்பின் என்ற மருந்தை வைத்து, சில நிமிஷம் மெல்லிய மின்சாரம் செலுத்தி, அந்த இடத்தை வியர்க்க வைத்து, சுமார் அரை மணி நேரம் வியர்வையைச் சேகரிப்பார்கள். ஊசி கிடையாது. குழந்தைக்கு இரண்டு வாரமும் இரண்டு கிலோவும் தாண்டியிருந்தால் நல்லது. குளோரைடு 60 அல்லது அதற்கு மேல் என்றால் நோய்க்கான பலமான சான்று, திரும்பவும் செய்து உறுதிப்படுத்துவார்கள். 30க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை. இடைப்பட்டால் தொடர்ந்து பார்க்க வேண்டும். உடம்பு வீங்கிய குழந்தைக்கு நோய் இருந்தும் நார்மல் என்று வரலாம்.

வெளிநாட்டுக் கருவி விலை கட்டுப்படியாகாத காலத்தில், எய்ம்ஸ் குழந்தைகள் பிரிவில் டாக்டர் எஸ்.கே. கப்ரா குழுவினர் உள்நாட்டிலேயே ஒரு முறையை உருவாக்கி 2002ல் வெளியிட்டார்கள். விருது விழாக்களில் இப்படிப்பட்ட வேலையை யாரும் மேடையேற்றுவதில்லை. வியர்வை தவிர மரபணு டெஸ்டும் உண்டு. சில மரபணு மாற்றங்களை மட்டும் தேடும் டெஸ்டில் ‘நெகட்டிவ்’ வந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஐரோப்பிய நோயாளிகளின் பழுதான மரபணுக்களில் பத்தில் ஏழு பங்காக இருக்கும், முன்பு சொன்ன அந்தப் பிரபல மாற்றம், எய்ம்ஸில் பார்த்த நம் நோயாளிக் குழந்தைகளிடம் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான்.

கே: இருக்கிறது என்றால் அவ்வளவுதானா?
– பெயர் வேண்டாம்

ப: இல்லவே இல்லை. ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் என்சைம் (தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்), கொழுப்பில் கரையும் வைட்டமின்கள், உப்பு, நெஞ்சுச் சளியை இறக்கும் பிசியோதெரபி. சீக்கிரம் தொடங்கினால் குழந்தை தேறும். கோளாறின் வேரையே தொடும் டிரிகாஃப்டா என்ற மருந்து 2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே பட்டியல் விலை வருஷத்துக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். எல்லா மரபணு மாற்றத்துக்கும் அது வேலை செய்வதுமில்லை. நம் 2021 அரிய நோய்க் கொள்கையில் இந்த நோய் இருக்கிறது. எய்ம்ஸ் போன்ற மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அந்த மருந்தின் ஒரு வருஷத்துக்கு அது எவ்வளவு காணும் என்பதை நீங்களே வகுத்துப் பாருங்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

கே: டாக்டரிடம் போகும்போது என்ன எடுத்துப் போவது?
– ஓர் அம்மா, நொய்டா

ப: மாதா மாதம் எடை எழுதிய அட்டை, பழைய எக்ஸ்ரேக்கள் தேதி வரிசையில், டயப்பரின் செல்போன் படம் (வெட்கம் வேண்டாம், அவர்கள் பார்க்காததா). இரண்டு பக்கக் குடும்பத்திலும் நெஞ்சுச் சளியோ வயிற்றுப்போக்கோ வந்து சின்ன வயதில் தவறிப்போன குழந்தை உண்டா என்ற தகவலும் வேண்டும். அதை டாக்டர் முன்னால் கேட்டால், ‘எங்கள் வம்சத்தில் அப்படி எதுவும் கிடையாது’ என்றுதான் பாட்டிமார்கள் சொல்வார்கள். முந்தின நாள் சாயங்காலம் காபி கொடுத்துவிட்டுத் தனியாகக் கேளுங்கள்.