சேப்பாக்கம் முதல் சாத்தனூர் வரை

எண்பதுகளில் கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்றால் பரீட்சை, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் முதல் தாள், இரண்டாம் தாள். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் கரை ஏறலாம். கேள்வி பதிலையும் கட்டுரையையும் கைடு பார்த்து நெட்டுருப் போடுவோம். கணக்கில் கெட்டிக்காரனாக இருந்தவன் இங்கிலீஷில் கோட்டை விட்டு, மறு மாதமே செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றப் போனது எங்கள் தெருவிலேயே பலமுறை நடந்திருக்கிறது. அவர்கள் யாரும் மக்குகள் இல்லை. அந்த மொழியை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று ஒருவரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

எனக்கு அதைக் காட்டியது சேப்பாக்கம் மைதானம். 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அங்கே ஒரு டெஸ்ட் ஆடின. ஐந்து நாளும் டீக்கடை ரேடியோவில் காதை வைத்துக் கேட்டோம். கடைசி நாள் 348 ரன் எடுத்தால் வெற்றி. இந்தியா 347-ல் நின்றது. கிரெக் மாத்யூஸ் பந்தில் மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ., மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னோடு நிற்கிறார். ஆட்டம் டை. 1960-ல் பிரிஸ்பேனில் ஒன்று, சேப்பாக்கத்தில் ஒன்று. டெஸ்ட் வரலாற்றில் இன்றுவரை இந்த இரண்டுதான்.

மறுநாள் அந்த ஆட்டத்தை மறுபடியும் அனுபவிக்க வேண்டும்போல் இருந்தது. டீக்கடை தினத்தந்தியை வரி விடாமல் படித்து முடித்தேன், ஆசை அடங்கவில்லை. கிளை நூலகத்தில் ஹிண்டு வரும் என்று யாரோ சொன்னார்கள். பஸ்ஸில் வரும் கட்டு என்பதால் மத்தியானம் ஆகிவிடும். காத்திருந்து வாங்கி, நீள மேசையில் விரித்து, கடைசிப் பக்கங்களுக்குப் போனேன். டீன் ஜோன்ஸ் 210 அடித்ததும், வெயில் தாங்காமல் மைதானத்திலேயே வாந்தி எடுத்ததும், அவுட்டான பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றியதும் எனக்கு முன்பே தெரியும். கபில்தேவ் முதல் இன்னிங்ஸில் 119 அடித்ததும் தெரியும். சேதி தெரிந்திருந்ததால் எந்த வரி எதைச் சொல்கிறது என்று பிடிபட்டது. புரியாத சொல்லைத் தாண்டிப் போனாலும் கதை அறுந்துபோகவில்லை. அதுவரை ஒரு பக்க ஆங்கிலத்தைப் பயமில்லாமல் படித்ததே இல்லை நான்.

நூலகர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். சில நாள் கழித்துக் கூப்பிட்டார். "தம்பி, மொதல்ல தந்தியப் படி. அப்புறம் அதே சேதிய ஹிண்டுல தேடு. கெடைச்சா உக்காந்து படி. கெடைக்கலன்னா ஏன் போடலன்னு யோசி." மொழிக்கு மட்டுமில்லை, பேப்பர் படிப்பதற்கே அவர் சொன்னதுதான் எனக்கு முதல் பாடம். பள்ளிக்கூடத்தில் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

அதன்பிறகு அட்டை கிழிந்த லிப்கோ அகராதி ஒருபக்கம், நோட்டு ஒருபக்கம் என்று அந்த மேசையில் எனக்கென்று ஓர் இடம் ஆகிவிட்டது. ஹைதராபாத்திலிருந்து பேராசிரியர் கே. சுப்பிரமணியன் வாரந்தோறும் எழுதிய ஆங்கிலப் பாடப் பத்தியை, பிற்பாடு அவர் மகன் உபேந்திரன் எழுதியதை, நோட்டில் அப்படியே பார்த்து எழுதுவேன். வீட்டில் காலை ஏழே காலுக்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயண்சுவாமி வாசிக்கும் நாளில் நைனா கழனிக்குப் போகாமல் திண்ணையில் நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். இரவு ஒன்பதுக்கு அதே வானொலியில் ஆங்கிலச் செய்தி. காலையில் கேட்ட பெயர்களெல்லாம் இரவில் வேறு உடுப்பில் வரும்.

இதற்கெல்லாம் பயன் என்ன என்று 1990-ல் தெரிந்தது. அந்த ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் குவைத்தில் டிரைவர். கடிதமும் இல்லை, போனும் இல்லை. ஒரு சாயங்காலம் இடுப்பில் குழந்தையோடு நூலக வாசலில் வந்து நின்றார். பெண்கள் உள்ளே வந்து உட்காரும் வழக்கம் அப்போது அவ்வளவாக இல்லை. "இன்னாப்பா போட்டுக்குறான்? எங்க ஊட்டுக்காரரு வந்துருவாரா?"

தமிழ்ப் பேப்பரில் போர் மேகம், எச்சரிக்கை என்று பெரிய எழுத்தில் இருந்தது. அக்காவுக்கு வேண்டியது ஆங்கிலப் பேப்பரின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடந்தது: குவைத்திலிருந்து தரைவழியாக ஜோர்டானுக்கு வந்து சேருகிறவர்களை அம்மான் விமான நிலையத்திலிருந்து ஏர் இந்தியா ஏற்றி வருகிறது. உரக்கப் படித்து, தமிழில் சொன்னேன். சுவரில் தொங்கிய உலகப் படத்தில் அம்மானைத் தேடி விரல் வைத்துக் காட்டினேன். அங்கேயிருந்து பம்பாய் எவ்வளவு தூரம் என்று அக்கா கேட்டார். மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அந்த இரண்டு மாதத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்களில் ஒருவராக அக்காவின் கணவரும் ஒரு பையோடு எங்கள் தெருவில் வந்து இறங்கினார்.

இன்றைக்கு யாரும் யாருக்கும் பேப்பர் படித்துக் காட்ட வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளிலேயே 2012 முதல் ஆங்கில வழிப் பிரிவு வந்துவிட்டது. இரண்டு தாள் ஒரே தாளாகிவிட்டது. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் வந்தது 2011-ல். அப்போது அது தந்த தமிழைப் படிக்கவே முடியாது, இப்போது படிக்க முடிகிறது. பிளஸ் ஒன் படிக்கும் என் தம்பி மகள் போனில் யாரோ பேசுவதைக் கேட்டுக் கேட்டே பழகி, ஆங்கிலத்தைத் தடுமாறாமல் பேசுகிறாள். எங்கள் தலைமுறையில் இந்த ஊரில் ஒருவருக்கும் அப்படி வரவில்லை. அவள் பேசுவதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

ஆனால் 2024 டிசம்பரில் ஒன்றைப் பார்த்தேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். எங்களுக்கு அது தினம் கும்பிடும் மலை. அன்றிரவே சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் ஊர் ஊராக மூழ்கியது.

கரண்ட் வந்ததும் பிள்ளை போனைக் கொண்டுவந்தாள். "பெரியப்பா, இங்கிலீஷ் பேப்பர்ல நம்ம மலை வந்திருக்கு, பாருங்க." படி என்றேன். இரண்டு பத்தி அழகாகப் படித்தாள். பிறகு விரலால் ஒரு தட்டுத் தட்டி, முழுச் செய்தியையும் ஐந்து வரியாக்கிக் காட்டினாள். மழை, தண்ணீர் திறப்பு, சேதம், நிவாரணம் எல்லாம் அதில் சரியாகவே இருந்தன. "கரையோரத்து ஜனங்களுக்கு எப்ப சொன்னாங்க?" என்று கேட்டேன். ஐந்து வரியில் அது இல்லை. செய்தியின் கீழ்ப்பாதியில் இருந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சி சொல்ல, முறைப்படி எச்சரித்தோம் என்று அரசு சொல்ல, நடுவில் கிராமத்துக்காரர்கள் சொன்னதும் போட்டிருந்தது. அன்று சாயங்காலம் தமிழ்ப் பேப்பர் இரண்டையும் ஆங்கிலப் பேப்பர் ஒன்றையும் தரையில் விரித்து உட்கார்ந்தோம். எதில் யார் பேசுகிறார், எதில் நேரம் போட்டிருக்கிறது, எதில் மலையடிவாரத்து வீடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பென்சிலால் கோடு போட்டாள். எட்டரை மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. அந்த வருடம் தீபத்தன்று மலையேற ஏன் பக்தர்களை விடவில்லை என்று பிறகு அவளே தேடிப் படித்து எனக்குச் சொன்னாள்.

போனைக் குற்றம் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. 1986-ல் எனக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் விட்டிருக்கவே மாட்டேன். குறை எங்கே என்றால், செய்தி என்பதையே நாம் பிள்ளைகளுக்குத் துணுக்காக மாற்றிக் கொடுத்துவிட்டோம். இப்போதும் நூலகத்தில் இடம் பிடிக்கப் போட்டி இருக்கிறது. குரூப் 4, குரூப் 2 என்று படிக்கிற இளைஞர்கள் வாசல் திறப்பதற்கு முன்பே நிற்கிறார்கள். அவர்கள் சொல்லும் 'கரன்ட் அஃபேர்ஸ்' மாதம் ஒருமுறை வரும் பி.டி.எப்.: யார் எந்தப் பதவியில், எந்தத் திட்டம் எந்தத் தேதியில். 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு அந்தத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தேர்வு கட்டாயம். அது நியாயம், வரவேற்கிறேன். ஆனால் பக்கத்து மேசையில் மடிப்புக் கலையாமல் கிடக்கும் ஆங்கிலப் பேப்பரை அவர்களில் ஒருவரும் தொடுவதில்லை.

துணுக்கில் எங்கள் ரயில் இருக்காது. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலைப் பாதைக்கு அனுமதி கிடைத்தது 2006-07 வாக்கில். இன்னும் எங்கள் பக்கம் ரயில் ஓடவில்லை. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு மறுநாளும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிப் பார்க்கிறேன். இதையெல்லாம் தொடர்ந்து படித்து, ஏன் வரவில்லை என்று மனு எழுதிக் கேட்கிற ஒரு பத்துப் பிள்ளைகள் இந்த ஊரில் வரவேண்டும். அந்த மனுவை அவர்கள் எந்த மொழியில் எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

கீழ்பென்னாத்தூரிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் படித்துப்போய்ச் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1948-ல் வந்த நூலகச் சட்டப்படி நம் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்குத்தான் போகிறது. அது நம் சொத்து. ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலர் ஆகலாம். இன்னொரு ஆங்கிலத் தாளுக்கு ஆண்டுச் சந்தா கட்டிக் கொடுக்கலாம். பணத்தைவிட முக்கியமான ஒன்றும் கேட்கிறேன். கார்த்திகைத் தீபத்துக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, அண்ணன் பிள்ளையையோ அக்கா பிள்ளையையோ கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். ஒரே செய்தியைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, கடைசி வரிவரை சேர்ந்து படியுங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சேதியாகப் பார்த்து எடுங்கள். கிரிக்கெட்டாக இருந்தாலும் சரி.