அரை விநாடி

1998-இல் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. சர்வர் அறைக்குப் பித்தளைப் பூட்டு. சாவியை வீட்டுக்குப் போகும்போதும் கையோடு எடுத்துப்போவேன். என் மேசையில் இருந்தபடியே டெல்நெட்டில் சர்வருக்குள் நுழைந்து, எஸ்யூ கொடுத்து, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் ஆகி, அன்றாட வேலைகளை முடிப்பேன்.

ஒருநாள் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் வந்து நின்றான். "சார், கோவிச்சுக்காதீங்க. ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

அவன் லினக்ஸ் ஏற்றியிருந்த பிசியில் பாக்கெட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. டெல்நெட்டில் தட்டும் எழுத்து ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனிப் பாக்கெட்டாகவே போகும். வரிக்கு ஓர் எழுத்தாக மேலிருந்து கீழே இறங்கியதை வாசித்தேன். நான்காவது எழுத்திலேயே புரிந்துவிட்டது. என் மகளின் பெயர், பிறகு அவள் பிறந்த வருடம். தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடக் காட்டாத ரூட் பாஸ்வேர்டு, கம்பியில் வெட்டவெளிச்சமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்களுடையது ஹப். ஒரு வாயிலில் வந்ததை மற்ற எல்லா வாயில்களுக்கும் தண்டோரா போட்டுவிடும். பித்தளைப் பூட்டு என்ன செய்யும்?

அவனைத் திட்டவில்லை. அந்த வாரக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து, டெல்நெட்டுக்குப் பதிலாக, எல்லாவற்றையும் குறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் நிறுவினோம். ஃபின்லாந்தில் தாத்து யுலோனன் 1995-இல் எழுதியது அது. அவருடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கிலும் இப்படித்தான் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டிருந்தார்கள். மறுநாள் அதே பிசியில் பார்த்தோம். வெறும் குப்பை எழுத்துகள். அதைப் போல அழகான குப்பையை நான் பார்த்ததில்லை.

இப்போது என் சர்வரில் பாஸ்வேர்டுக்கே வேலையில்லை, சாவிக்கோப்பு மட்டும்தான். நேரடி ரூட் நுழைவும் கிடையாது. ராப்பகலாக யார் யாரோ ரூட், அட்மின், டெஸ்ட் என்று கதவைத் தட்டுவது லாகில் பதிவாகிறது. தட்டட்டும் என்று தூங்கப் போய்விடுவேன்.

2024 மார்ச் 29 இரவு அந்தத் தூக்கம் போனது. எக்ஸ்இஸட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு. சில லினக்ஸ் விநியோகங்களில் எஸ்எஸ்ஹெச் சர்வர் சிஸ்டம்டி வழியாக எக்ஸ்இஸட் லைப்ரரியையும் ஏற்றிக்கொள்ளும். குறியாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. நெடுநாள் ஏறக்குறையத் தனியாளாக ஒருவர் பராமரித்துவந்த திட்டம் அது. அதில் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒத்தாசை செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு பெயர்தான் விஷத்தை வைத்தது. ஊதியமில்லாமல் உழைத்த அந்தப் பராமரிப்பாளர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. உலகத்தின் பாரத்தை ஒருவர் தோளில் வைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காத நம் எல்லார் மேலும்தான் வந்தது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். எதன் வேகத்தையோ அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் நுழைவு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். நானாக இருந்தால் நெட்வொர்க் மந்தம் என்று காப்பி குடிக்கப் போயிருப்பேன். அவர் விடவில்லை.

சனிக்கிழமை காலை போன் வந்தது. அதே மாணவன். இப்போது பெங்களூரில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறான்.

"சார், உங்க மெஷின்ல எக்ஸ்இஸட் என்ன வெர்ஷன்?"

"5.4.1. ராத்திரியே பார்த்துட்டேன்பா."

"இன்னொரு தடவை பாத்துடுங்க சார். நான் லைன்லயே இருக்கேன்."

பார்த்தேன்.