விசிறி வச்ச வெளக்கு

வா அப்பு, உக்காரு. கையில என்ன பொட்டி? ஓ, லைட்டா! பழைய பிக்கப்புக்கு மாட்டப் போறியாக்கும். கொஞ்சம் திருப்பு, பாப்போம். பின்னால சின்னதா ஒண்ணு சுத்துதே, என்னது அது? விசிறியா! ஏண்டா, ஊருக்கு வெளிச்சம் காட்ட வந்த பல்புக்குப் புழுங்குதா? அருப்புக்கோட்டை வெயிலுக்கு நானே பனையோலை விசிறியோட திண்ணையில கெடக்கேன். ஒன் பல்பு என்னையவிடச் சொகவாசியா இருக்கே.

"6000 கெல்வின் தாத்தா"ங்குற. யாரு அந்தக் கெல்வினு, ஒங்கூடப் படிச்ச பயலா?

கோவிச்சுக்கிறாத. ஒன் பாடு எனக்குத் தெரியாமயா? விடியுமுன்ன மல்லிப்பூவ ஏத்திக்கிட்டு மதுரை மாட்டுத்தாவணிக்கு ஓடணும். பொழுதடைஞ்சா நரிக்குடிப் பக்கமிருந்து கரிமூட்டை. ரோட்டுல எவனாச்சும் உளுந்தக் காயப்போட்டு, சுத்திக் கல்லு அடுக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். டிராக்டர் டிரைலரு பின்னால ஒரு சிவப்பு வெளக்கு இல்லாம நிக்கும். ஒன் வண்டி லைட்டோ எண்ணெ வத்துன சிம்மிணி. வெளிச்சம் வேணுந்தான். ஆனா இருந்த வெளிச்சம் எங்க போச்சுன்னு தேடுனியா?

போன தடவ 100 வாட்ஸ் பல்ப மாட்டுனியே, ஞாபகம் இருக்கா? பல்பு ஹோல்டர் உருகி நாறுன நாத்தத்துக்கு, வடை கருகுதுன்னு நான் அடுப்பாங்கரைக்கு ஓடுனேன். கணக்கு என்ன? வண்டியோட வந்தது 60 வாட்ஸ். ரெண்டு பல்புக்கு 120. பேட்டரி 12 வோல்ட்டு. வகுத்தா 10 ஆம்பியர். நீ மாட்டுனது ரெண்டும் சேந்து 17 ஆம்பியர்கிட்டக் கேக்கும். ஒயரு மட்டும் அதே கெழட்டு ஒயரு. நோஞ்சான் மாட்டு மேல இன்னும் ரெண்டு மூட்டைய ஏத்துனா நடை வெரசாயிருமா?

ஒனக்குக் கண்மாய்ப் பாசையில சொல்றேன். கண்மாய் நெறஞ்சு கெடக்கு. கடைமடை மொளகாச் செடி வாடுது. எதப் பாப்ப? வாய்க்காலத்தானே? இங்க பேட்டரி கண்மாயி, லைட்டு கடைமடை. நடுவுல கரண்டு போற பாதையப் பாரு. பேட்டரியிலருந்து கிளம்பி, உள்ள சுவிச்சுக்குப் போயி, டிம்-பிரைட்டு சுவிச்ச ஒரு சுத்துச் சுத்தி, மறுபடி வண்டி மூஞ்சிக்கு வருது. அருப்புக்கோட்டையிலருந்து திருச்சுழிக்குப் போறவன் மதுரை வழியாப் போன கதை.

நேத்து எலெக்ட்ரீசியன் தம்பிய மீட்டர் வைக்கச் சொன்னேன். லைட்டப் போட்டுட்டு அளந்தா பேட்டரிகிட்ட 12.4. பல்புகிட்ட 10.9. கழுதை தேஞ்சு கட்டெறும்பாயிருச்சு! ஒன்றரை வோல்ட்டுதானேன்னு எளக்காரமா நெனைக்காத. வோல்ட்டு பத்துல ஒரு பங்கு கொறஞ்சா இந்த இழை பல்புல வெளிச்சம் பத்துல மூணு பங்கு போயிரும். நீ தேடுற வெளிச்சம் கடையில இல்ல அப்பு. ஒன் ஒயருக்குள்ள சூடாக் கெடக்கு.

மொதல்ல எர்த்தப் பாரு. எல்லாவனும் வர்ற ஒயரப் பாப்பான், திரும்பிப் போற ஒயர ஒருத்தனும் சீண்ட மாட்டான். எர்த் ஒயர வண்டி பாடியில முறுக்குன திருகாணிய அவுத்தேன். துரு, அதுக்கு மேல பெயிண்டு, அதுக்கும் மேல கரிசமண்ணு. ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற கனம் இருக்கும். உப்புத்தாளப் போட்டுத் தகரம் பளபளங்குற வரைக்கும் தேச்சு, லக்கு வச்சு இறுக்கு. மனசு கேக்கலையா, பேட்டரி மைனஸ்லருந்து தனியா ஒரு ஒயர இழுத்துரு. சிலநேரம் இதுலயே பாதி வெளிச்சம் திரும்பிரும். காசு? உப்புத்தாள் காசு.

அப்புறம் ரிலே. அத ஏதோ ராக்கெட்டு மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க. அது மடைக்காரன், அம்புட்டுத்தான். நீ கரையில நின்னு ஒரு கொரல் குடுத்தாப் போதும், தண்ணிக்குள்ள எறங்கி அவன் மடையத் தெறப்பான். சுவிச்சு வழியா இனி அந்தக் கொரல் மட்டும் போகும், கால் ஆம்பியர்கூட இருக்காது. சொமையெல்லாம் பேட்டரியிலருந்து பீஸு வழியா 30-ம் நம்பர் காலுக்கு வந்து, 87-ல வெளியேறி நேரா பல்புக்குப் போகும். 85, 86 ரெண்டும் கொரலுக்கு. டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு. 2.5 எம்.எம். ஒயரு போடு. பீஸு பேட்டரிய ஒட்டி இருக்கணும். தள்ளி வச்சா, நடுவுல ஒயரு ஒரசித் தீப்பிடிக்கிறப்ப அது வேடிக்கை பாக்கும். ஒயர முறுக்கி டேப்பச் சுத்துற வேலை என் கண்ணுல படக்கூடாது.

பல்பு? பழைய 60/55 போதும், பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 வாட்ஸ். ஒன் விசிறிப் பல்ப வண்டி லைட்டு டூமுக்குள்ள வச்சா, மாமன் சட்டைய மச்சான் போட்ட மாதிரி. டூம் அந்த இழை இருக்குற எடத்துக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது. வெளிச்சம் பொறக்குற எடம் கொஞ்சம் மாறுனாலும் செதறி எதுத்தாப்புல வர்றவன் மூஞ்சியில அடிக்கும். 8 மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் ஒசரத்துல இருக்குற கண்ணு கூசக்கூடாதுன்னு 1989 மோட்டார் வாகன விதியிலயே எழுதி வச்சிருக்கான். அவன் கண்ணு கூசி ரோட்ட விட்டு எறங்குனா பரவால்ல. ஒன் மேல ஏறுனா?

இன்னொண்ணு. காலி வண்டியில லைட்டு மட்டம் பாத்துட்டு, பின்னால கரிமூட்டைய ஏத்துனா மூக்கு வானத்தப் பாக்கும். வேப்பமரத்துக் காக்காய்க்கு விடிஞ்சிரும், ரோட்டுக்கு விடியாது. பாரத்த ஏத்தி, செவுத்துக்கு முன்னால நிறுத்தி மட்டம் பாரு.

இம்புட்டுக்கும் முன்னாடி, போயி அந்த லைட்டுக் கண்ணாடிய ஈரத்துணியால தொடச்சிரு. ஒரு வெரக்கடை புழுதி, அதுல நாலு வண்டு ஒட்டிச் செத்துக் கெடக்கு.

ஆமா, அந்தப் பொட்டி என்ன வெல? ஆயிரத்து எண்ணூறா! கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டானா? சரி விடு. அந்த விசிறிய மட்டும் கழட்டி இந்தத் தூணுல மாட்டிக் குடுத்துட்டுப் போ.