கதவு ஸ்டிக்கரின் சார்பில் ஒரு மனு

பெறுநர்:
இழுவைத்திறன் விளம்பரப் பிரிவு,
பிக்கப் ட்ரக் நிறுவனங்கள் (கூட்டாகவும் தனித்தனியாகவும்),
டெட்ராய்ட், மிச்சிகன், அமெரிக்கா.

பொருள்: நாற்பதடி நீள வீட்டை இழுக்க வண்டி வாங்குவது – தங்கள் விளம்பரத்துக்கும் தங்கள் கதவுக்கும் உள்ள தகராறைத் தீர்த்துவைக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. தொலைக்காட்சியில் பாறைமேல் நிற்கும் தங்கள் வண்டி. 2. அதே வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் மஞ்சளும் வெள்ளையுமான ஸ்டிக்கர்.

ஐயா / அம்மையீர்,

பார்வை ஒன்றில் கண்ட வண்டியைப் பார்த்துக் குடும்பத்தோடு மெய்ம்மறந்து போனோம் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். பாறை, புழுதி, அடித்தொண்டையில் பேசும் ஒரு குரல், கடைசியில் திரை கொள்ளாத ஓர் எண். 2019இல் ராம் 35,100 பவுண்டு இழுக்கும் என்றீர்கள். அடுத்த ஆண்டே ஃபோர்டு 37,000 என்றது. 2021இல் ராம் திரும்பி வந்து 37,100 என்றது. அந்தக் கடைசி நூறு பவுண்டுக்காக எத்தனை பொறியாளர்கள் தூக்கம் கெட்டார்களோ தெரியாது. அவர்களுக்கு என் வணக்கம். பிறகு 2023இல் ஃபோர்டு எஃப்-450 மூலம் 40,000 என்று அறிவித்தது. பதினெட்டு டன்! அது தொட்டிக்குள் பொருத்தும் கூஸ்நெக் பந்துக் கொக்கிக்கு மட்டும், அதுவும் ஒற்றை வரிசை இருக்கை வண்டிக்கு மட்டும் என்பதை அடிக்குறிப்பில் போட்டிருந்தீர்கள். பூதக்கண்ணாடி எங்கள் வீட்டில் உண்டு.

எங்கள் தேவை அவ்வளவு இல்லை. இந்தியானா மாநிலத்து எல்கார்ட் பக்கம் கட்டப்படும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஒன்று, எல்லாம் ஏற்றிய நிலையில் அதிகபட்சம் 16,000 பவுண்டு, ஏழே கால் டன். அதில் நடுமேடை வைத்த சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், மின்சாரக் கணப்பு, சாய்வு நாற்காலிகள் எல்லாம் உண்டு. இயற்கையோடு ஒன்றி வாழ இவை அவசியம் என்று விற்பனைப் படத்தில் சொல்கிறார்கள்.

தங்கள் விற்பனை நிலையம் ஒன்றில் (பெயர் வேண்டாம், எல்லா நிலையமும் ஒன்றுதான்) இருந்த இளைஞர் எங்களுக்கு முக்கால் டன் வகை டீசல் வண்டி ஒன்றைக் காட்டினார். நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், காற்றோட்டம் வரும் தோல் இருக்கை. “இது 18,000 பவுண்டு இழுக்கும் சார், உங்க டிரெய்லர் பின்னாடி இருக்கிறதே தெரியாது” என்றார். பின்னால் ஏழு டன் வீடு இருப்பது ஓட்டுபவனுக்குத் தெரியாமல் போனால் அது நல்ல செய்தியா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கதவைத் திறந்தேன். அங்கேதான் பார்வை இரண்டில் கண்ட ஸ்டிக்கர் இருந்தது.

அந்த ஸ்டிக்கரில் கழுகும் இல்லை, பாறையும் இல்லை. பயணிகளும் சரக்கும் சேர்ந்து 2,100 பவுண்டை ஒருபோதும் தாண்டக் கூடாது என்று மட்டும் இருந்தது. தங்கள் நிறுவனமே அச்சிட்டு, தங்கள் தொழிற்சாலையிலேயே ஒட்டிய காகிதம் அது.

இதற்கும் இழுவைக்கும் என்ன சம்பந்தம் என்று தங்கள் பிரிவில் யாரேனும் கேட்கலாம். ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வண்டிக்குப் பின்னால் தொங்குவதில்லை. அதன் மூக்கு பிக்கப்பின் தொட்டிக்குள் ஏறி, பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே இருக்கும் ஹிட்ச் என்னும் இணைப்பில் கிங்பின் என்னும் முளையை இறக்கி உட்காருகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை அந்த ஒரு முளை வழியாக வண்டியின் முதுகில் இறங்குகிறது. பம்பருக்குப் பின்னால் பந்தில் மாட்டும் டிரெய்லர் என்றால் 10 முதல் 15 சதவீதத்தோடு போகும். ஃபிஃப்த் வீல் ஆடாமல் அசையாமல் வருவதற்குக் காரணமே இந்த எடைதான். அந்தச் சுகத்துக்கு விலை பேலோடு, அதாவது ஸ்டிக்கர் அனுமதிக்கும் அந்தச் சுமை.

எங்கள் கணக்கைச் சமர்ப்பிக்கிறேன். 16,000 பவுண்டில் ஐந்தில் ஒரு பங்கு 3,200. ஹிட்ச் 180. நான், மனைவி, இரு பிள்ளைகள், நாய் என எல்லோரும் சேர்த்து 650. கருவிப் பெட்டியும் சில்லறைச் சாமான்களும் 100. ஆக மொத்தம் 4,130. கதவு அனுமதிப்பது 2,100. அதாவது நாங்கள் கிளம்பினால் ஒரு வண்டியில் இரண்டு வண்டியின் சுமையோடு கிளம்புவோம். கணக்கைத் திருப்பிப் போட்டும் பார்த்தேன். குடும்பமும் ஹிட்ச்சும் சாமான்களும் போக மிஞ்சும் பேலோடு 1,170 பவுண்டு. அது தாங்கும் டிரெய்லர் 5,850 பவுண்டு. விளம்பரத்தில் 18,000, கதவில் ஆறாயிரத்துக்கும் கீழே. குடும்பத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு டிரெய்லரை மட்டும் ஊர் சுற்றிக் காட்டலாமா என்று யோசித்தோம். அப்போதும் 3,200 இடிக்கிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் எங்கள் ஊரில். தாங்கள் அந்தச் சுரைக்காயைப் பதினெட்டு டன்னுக்கு வளர்த்திருக்கிறீர்கள்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது டீசலின் லீலை. பெரிய டிரெய்லர் என்றால் பெரிய எஞ்சின் என்று வாங்குபவர் நினைக்கிறார், தாங்களும் மறுப்பதில்லை. அந்த எஞ்சினின் எடையோ பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல். முக்கால் டன் வண்டிகள் பலவற்றில் மொத்த எடை வரம்பை 10,000 பவுண்டில் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் வண்டி அடுத்த வகுப்புக்குப் போய்விடும், சில மாநிலங்களில் பதிவுக் கட்டணமும் விதிகளும் மாறிவிடும். வரம்பு நகராது, எஞ்சின் கனக்கும். ஆகவே பேலோடு மெலியும். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம் என்று ஒவ்வொரு அலங்காரமும் அதே 10,000த்துக்குள்ளிருந்துதான் கழிகிறது. கூடுதல் பணம் கொடுத்தவனுக்குக் குறைவாகச் சுமக்கும் வண்டி கிடைக்கிற வியாபாரத்தை இவ்வளவு காலமாக நடத்திவருவது சாதாரண சாமர்த்தியம் அல்ல.

டீசலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசனாவர் சுரங்கத்துக்கு ஏறும்போது பதினோராயிரம் அடி உயரத்தைத் தாண்டுகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் என்று மூச்சை இழந்துகொண்டே போகும். டர்போ டீசலுக்கு அந்தத் துன்பம் பெரிதாக இல்லை. மறுபக்கம் ஏழு சதவீதச் சரிவில் இறங்கும்போது டீசலோடு வரும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் அருமை தெரியும். ஏற்றத்தில் தோற்றால் வேகம் குறையும், பின்னால் வருபவர்கள் திட்டுவார்கள். இறக்கத்தில் தோற்றால் சாலையோரத்தில் சரளை நிரப்பி வைத்திருக்கும் தப்பிப் பாதைதான் கதி. தங்கள் விளம்பர வண்டிகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. எதுவும் இறங்கி நான் பார்த்ததில்லை.

தங்கள் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் இழுவைத்திறனை அளந்துகொண்டிருந்தது. பிறகு வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பு ஜே2807 என்ற பொது அளவுகோலை வகுத்தது. அரிசோனாவில் புல்ஹெட் சிட்டியிலிருந்து கோல்டன் வேலி நோக்கி ஏறும் டேவிஸ் டாம் சாலைதான் அதன் உரைகல். பதினெட்டுக் கிலோமீட்டர் ஏற்றம், 38 டிகிரி வெயில், ஏ.சி.யை முழுதாக வைத்துக்கொண்டு மணிக்கு நாற்பது மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். 2011 மாடலில் முதலில் அதை ஏற்றது டொயோட்டா; அதன் எண்கள் சில நூறு பவுண்டு இறங்கின. டெட்ராய்ட்காரர்களான தாங்கள் “அவர் குதிக்கட்டும், பிறகு நான்” என்று கரையில் நின்று, அரை டன் வண்டிகளில் 2015 மாடல் வாக்கில்தான் தண்ணீரில் கால் வைத்தீர்கள். கால் வைத்தீர்களே, அதற்கு நன்றி.

ஆனால் அந்த அளவுகோலிலும் வண்டிக்குள் உட்காருபவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. அந்த ஒல்லி மனிதர்கள் யார், எந்த ஊர் என்று தெரிந்தால் சொல்லுங்கள். என் மைத்துனர் ஒருவரே அந்த இரண்டு இருக்கைக்கும் பொறுப்பேற்கக் கூடியவர்.

2014இல் வெளிவந்த செய்தியை நினைக்கும்போது இதுகூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது. அதிகபட்சப் பேலோடைக் கணக்கிட ஃபோர்டு தன் வண்டியிலிருந்து ஸ்பேர் டயர், ஜாக்கி, ரேடியோ, நடுக் கன்சோல் ஆகியவற்றைக் கழித்துவிடுகிறது என்பது அப்போது அம்பலமானது. அவற்றை வேண்டாமென்று சொல்லி வாங்கும் வாடிக்கையாளர்களும் உண்டு என்று விளக்கம் வந்தது. ஏழு டன் வீட்டைக் கட்டிக்கொண்டு பாலைவனத்தில் போகும் ஒருவர் ஸ்பேர் டயரையும் ஜாக்கியையும் வீட்டில் வைத்துவிட்டு, பாட்டும் கேட்காமல் போவார் என்று கற்பனை செய்தவரைத் தங்கள் பிரிவின் தலைவராக்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

டிரெய்லர் கட்டுபவர்களும் சளைத்தவர்கள் அல்லர். அவர்கள் அச்சிடும் எடை காலி வீட்டின் எடை. தண்ணீர், பாத்திரம், படுக்கை எதுவும் சேராது. நூறு காலன் தண்ணீர் மட்டுமே 830 பவுண்டு. கிங்பின் எடையையும் காலி வீட்டில்தான் நிறுத்துப் போடுகிறார்கள். அவர்களுக்குத் தனி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், நகல் தங்களுக்கும் வரும்.

கணக்கைக் காட்டியதும் விற்பனை இளைஞர் கலங்கவில்லை. பின்பக்கம் தாழ்ந்தால் காற்றுப்பை போட்டுக்கொள்ளலாம் என்றார். காற்றுப்பை வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தும்; பார்ப்பவர் கண்ணுக்குச் சுமை மறையும். ஆக்ஸிலும் டயரும் பிரேக்கும் சுமப்பது அதே எடையைத்தான், ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணும் அதேதான். தொட்டியின் நீளத்தைப் பற்றிக் கேட்டபோது ஆறரை அடி போதும் என்றார். இறுக்கமாகத் திருப்பினால் டிரெய்லரின் மூலை டிரைவர் கேபினின் பின்கண்ணாடியைத் தட்டிப் பார்க்கும், அதனால் சறுக்கு ஹிட்ச் வேண்டும், எட்டடித் தொட்டிக்கு அந்தக் கவலை இல்லை என்பதையெல்லாம் அவர் சொல்லவில்லை. அதற்கு அவருக்கு நேரம் இல்லை, அன்று மாதக் கடைசி நாள்.

அரசாங்கத்தைத் துணைக்கு அழைக்கலாம் என்றால் அங்கும் சுகமில்லை. கலிஃபோர்னியாவில் 15,000 பவுண்டைத் தாண்டிய ஃபிஃப்த் வீலுக்கு வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் வாங்க வேண்டும். வேறு பல மாநிலங்களில் நேற்று வரை சிறிய காரை மட்டும் ஓட்டியவர் இன்று காலை அதே உரிமத்தோடு நாற்பதடி வீட்டை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறலாம். சொந்த விடுமுறைக்குப் போகிறவரை எடைச்சாவடியில் நிறுத்தி நிறுப்பது பெரும்பாலும் கிடையாது. கதவு ஸ்டிக்கரை மதிப்பதும் மறப்பதும் அவரவர் மனசாட்சி.

லாரி ஓட்டுநர்கள் நிற்கும் இடங்களில் கேட் ஸ்கேல் எடைமேடைகள் இருப்பது ஒன்றுதான் ஆறுதல். 1977இல் தொடங்கிய நிறுவனம். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லர் என்று மூன்று பலகைகளில் ஏறி நின்றால், ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் எடைகள் அச்சிட்ட சீட்டு கையில் வரும். அந்தச் சீட்டில் அடிக்குறிப்பே இல்லை.

ஆகவே கனம் பொருந்திய தாங்கள் அருள்கூர்ந்து செய்ய வேண்டியது: இனி வரும் விளம்பரங்களில் இழுவை எண் எந்த அளவில் வருகிறதோ அதே அளவில், அந்தப் பாறைமேல் நிற்கும் அதே வண்டியின் கதவு ஸ்டிக்கரில் உள்ள பேலோடையும் காட்டுங்கள். அந்தப் பிரிவிலேயே ஆகச் சிறந்த வண்டியின் பேலோடு வேண்டாம். படத்தில் நிற்கும் வண்டியினுடையது. அதைச் செய்ய மனமில்லை என்றால் குறைந்தபட்சம் ஒரு காட்சியில் யாராவது கதவைத் திறக்கட்டும்.

இதற்கிடையில் எங்கள் ஆர்டரைப் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன். ஒரு டன் வகை, பின்னால் இரட்டைச் சக்கரம், எட்டடித் தொட்டி, டீசல், எக்ஸாஸ்ட் பிரேக். மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு. கண்ணாடிக் கூரை வேண்டாம். விளம்பரத்தில் அது எவ்வளவு இழுக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவு ஸ்டிக்கரில் 5,000க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அந்த ஸ்டிக்கரின் புகைப்படத்தை அனுப்பிய பிறகே முன்பணம் அனுப்பப்படும். ரேடியோவைக் கழற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மைத்துனரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய ஒரு வாடிக்கையாளன்