புல்வெளிக்கு வில்லன், வாணலிக்கு விருந்து

கேள்வி: எங்கள் வீட்டுப் புல்வெளி முழுக்க டான்டிலியன் என்ற மஞ்சள் பூக் களை. பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. ஒழிக்க வழி உண்டா? (டொராண்டோ வாசகர்)

பதில்: இலையைப் பிடுங்கிவிட்டு ஜெயித்ததாக நினைக்காதீர்கள். ஆணிவேரின் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் போதும், மறுபடி துளிர்த்துவிடும். பெரும்பாலான டான்டிலியன்கள் மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் விதை வைத்துவிடும். மாப்பிள்ளை தேடும் கவலைகூட இல்லாத குடும்பம்! அழகுக்காகக் களைக்கொல்லி தெளிக்க ஒன்டாரியோவில் 2009 முதல் தடை. எனவே என் யோசனை: சமைத்துவிடுங்கள். அருமையான கீரை அது.

கேள்வி: சமைப்பதா? கசக்குமே! (அதே வீட்டு அம்மா)

பதில்: கசக்கும்தான். பாகற்காயைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் நமக்கா பயம்? பனி உருகியதும், மொட்டு விடுமுன் பறித்த இளம் இலையில் கசப்பு குறைவு. பிரான்சில் அதைப் பச்சையாகவே, வறுத்த பன்றி இறைச்சித் துண்டுகளும் வினிகரும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். காஷ்மீரில் இதற்கு ‘ஹந்த்’ என்று பெயர். பிள்ளை பெற்றவளுக்குச் சமைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். முற்றிய இலை என்றால் ஒரு கொதி விட்டுத் தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகு பாசிப்பருப்பு, தேங்காய்த்துருவல் போட்டுப் பொரியல் செய்யலாம். பூவின் பச்சைக் காம்பை நீக்கி, மாவில் தோய்த்து பஜ்ஜி போடலாம். வேரைக் காயவைத்து வறுத்துப் பொடித்தால் காபி மாதிரி ஒரு பானம்; நம் ஃபில்டர் காபியில் கலக்கும் சிக்கரிக்கு இது நெருங்கிய உறவு. காஃபின் கிடையாது, ராத்திரியிலும் குடிக்கலாம்.

கேள்வி: யாருக்கு ஆகாது? (லண்டன் வாசகி)

பதில்: இலையில் வைட்டமின் கே மிக அதிகம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சாலையோரத்திலும் நாய்கள் உலாவும் இடத்திலும் பறிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வேலியோரத்திலும் மஞ்சள் நடுவோடு ஒரு பூ, ஊதினால் பஞ்சு பறக்கிறது. அதுதானா? (மதுரை வாசகி)

பதில்: அநேகமாக அது வெட்டுக்காயப் பூண்டு. டான்டிலியனுக்கு இலையெல்லாம் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். பூக்காம்பில் இலையும் இராது, கிளையும் இராது. காம்பை ஒடித்தால் உள்ளே குழல், வெட்டிய இடத்தில் பால். இவை இல்லையென்றால் சட்டியில் போட வேண்டாம்.